கப்ரெராவா ட்ரௌட்டா? 2012 பஞ்சாயத்து இன்னும் முடியல

2025 நவம்பர்ல நியூயார்க் டீமோட ஏரன் ஜட்ஜுக்கு மறுபடியும் எம்விபி (சீசனோட மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) குடுத்தாங்கல்ல, அன்னைக்கு சியாட்டல் டீமோட கால் ராலிக்கு அநியாயம் நடந்துருச்சுன்னு ஒரு கூட்டம் கத்த, அதெல்லாம் இல்ல சரியாத்தான் குடுத்திருக்காங்கன்னு இன்னொரு கூட்டம் கத்த, நான் மட்டும் நேரா 2012-க்கு போயிட்டேன். பேஸ்பால்ல "யாருக்கு எம்விபி"ங்கிற சண்டை வருஷா வருஷம் வரும், பாதி வருஷம் அது சும்மா பொழுதுபோக்கு, ஆனா 2012 அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்ல இருக்குற ரெண்டு பிரிவுல ஒண்ணு) சண்டை அந்த மாதிரி கிடையாது, இந்த ஆட்டத்த எப்படி பாக்கணும்ங்கிறதுக்கே அடிச்சுக்கிட்டாங்க. டிட்ராய்ட் டைகர்ஸோட மிகேல் கப்ரெராவா, ஏஞ்சல்ஸோட மைக் ட்ரௌட்டா? நான் ட்ரௌட் கட்சி. முன்னாடியே சொல்லிடுறேன், நடுநிலைன்னு வேஷம் போட எனக்கு வராது.

கிரிக்கெட் மட்டும் பாக்குறவங்களுக்கு ஒரு விளக்கம். ஐபிஎல்ல ஆரஞ்சு கேப்னு ஒண்ணு இருக்கு, எம்விபின்னு தனியா ஒண்ணும் இருக்கு. ஆரஞ்சு கேப்ல பேச்சே இல்ல, யார் ரன் ஜாஸ்தி அடிச்சாங்களோ அவங்களுக்கு. அங்க எம்விபியும் பாயிண்ட் கணக்குதான், ஃபோருக்கு இவ்ளோ விக்கெட்டுக்கு இவ்ளோன்னு கூட்டிப் போட்டு குடுத்துருவாங்க. அமெரிக்க பேஸ்பால்ல அப்படி கிடையாது, பத்திரிகைக்காரங்க ஓட்டு போடுறாங்க. 1931-லேர்ந்து பேஸ்பால் எழுத்தாளர் சங்கம்தான் இத நடத்துது, ஒவ்வொரு டீமோட ஊர்லேர்ந்தும் ரெண்டு ரெண்டு பேர், 2012-ல அமெரிக்கன் லீக்ல 14 டீம், அதனால 28 ஓட்டு. ஒவ்வொருத்தரும் பத்து பேர வரிசைப்படுத்தணும், முதல் இடத்துக்கு 14 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 9, அப்புறம் 8, 7ன்னு இறங்கிக்கிட்டே போகும்.

இதுல கூத்து என்னன்னா, ஓட்டுச்சீட்டோட வர்ற விதிமுறையிலேயே "மதிப்புமிக்க"ங்கிறதுக்கு தெளிவான அர்த்தம்னு ஒண்ணும் கிடையாது, ஓட்டு போடுறவரே முடிவு பண்ணிக்கட்டும்ங்கிற மாதிரிதான் போட்டிருக்கும். டீமுக்கு அவரால என்ன பலன் (பேட்டிங்கும் ஃபீல்டிங்கும்), எத்தன ஆட்டம் ஆடினார், குணம், விசுவாசம், உழைப்பு, இதெல்லாம் பாருங்கன்னு சொல்லுவாங்க. ப்ளேஆஃப் போன டீம்லேர்ந்துதான் எடுக்கணும்னு இல்லன்னும் அதுல தெளிவாவே இருக்கு. இந்த கடைசி விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி கேஸுக்கு வருவோம். கப்ரெரா அந்த வருஷம் ஆவரேஜ் .330 (பேட் பிடிச்சதுல எத்தன தடவ ஹிட்ங்கிற விகிதம்), ஹோம் ரன் 44 (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆர்பிஐ 139 (அவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்). மூணுலயும் அமெரிக்கன் லீக்ல முதல் இடம். இதுக்குப் பேருதான் ட்ரிபிள் க்ரௌன், 1967-ல பாஸ்டனோட கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடிச்சதுக்கு அப்புறம் 45 வருஷமா எவனும் தொடல. ஹோம் ரன்ல ஜாஷ் ஹாமில்டனும் கர்டிஸ் கிராண்டர்சனும் 43-ல நிக்கிறாங்க, இவர் 44, அதுவும் கிராண்டர்சன் சீசனோட கடைசி நாள்ல ரெண்டு அடிச்சு 43-க்கு வந்தார்னா பாத்துக்கோங்க எவ்ளோ நூலிழைன்னு. கடைசி ஆட்டம் கான்சாஸ் சிட்டில, எதிர் டீம் ஊரு, அந்த ஜனங்களே எழுந்து நின்னு கைதட்டுனாங்க. அந்தக் கைதட்டலுக்கு நானும் எதிரி இல்ல. வெனிசுவேலா மராக்காய்லேர்ந்து வந்த மனுஷன், வலது பக்கம் அடிக்கணும்னா அடிப்பார், இடது பக்கம் தூக்கணும்னா தூக்குவார், மோசமான பந்தயும் நல்ல பந்தா மாத்துற கை. நான் பாத்ததுல வலதுகை பேட்டர்ல அவர மாதிரி ரெண்டு மூணு பேர்தான்.

இந்தப் பக்கம் ட்ரௌட். வயசு 20, ஆகஸ்ட்ல தான் 21 ஆச்சு. சீசன் ஆரம்பிக்கும்போது மேஜர் லீக்லயே இல்ல, சால்ட் லேக்ல மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஆடிக்கிட்டு இருந்தான். ஏப்ரல் கடைசில ஏஞ்சல்ஸ் 6 ஜெயிச்சு 14 தோத்து சந்தி சிரிச்சிக்கிட்டு இருந்தப்போ பாபி அப்ரேயுவ அனுப்பிட்டு இந்தப் பையன கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த டீம் 83 ஜெயிப்பு 59 தோல்வி. மொத்தமும் இவனாலன்னு சொல்ற அளவுக்கு நான் முட்டாள் இல்ல, ஆனா அவன் நம்பர பாருங்க: .326 ஆவரேஜ், 30 ஹோம் ரன், 129 ரன் (ஓடி ஸ்கோர் பண்ணது, லீக்லயே அதிகம்), 49 ஸ்டீல் (பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய அடுத்த முனைக்கு, திருட்டுத்தனமா ஓடுறது), மாட்டுனது வெறும் 5 தடவ. சென்டர் ஃபீல்ட்ல நின்னு பால்டிமோர்ல ஜேஜே ஹார்டி அடிச்சத சுவத்துக்கு மேல எகிறி பிடிச்சானே அந்த கேட்ச், அத இன்னும் போட்டுக் காட்டிக்கிட்டே இருக்காங்க.

ஓட்டு எண்ணுனா கப்ரெராவுக்கு 22 முதல் இடம், ட்ரௌட்டுக்கு 6. பாயிண்ட் 362-க்கு 281. நெருங்கக்கூட இல்ல. அதுலயும் ஒரு மகானுபாவர் ட்ரௌட்ட மூணாவதா போட்டிருக்கார், ஏன்னு அவருக்கே வெளிச்சம்.

இப்ப வாதத்துக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், டிட்ராய்ட் பக்கம் நோவைல ரொம்ப வருஷமா இருக்கார், கார் கம்பெனி வேல, டைகர்ஸ்னா உசுரு. அவர்கிட்ட இந்தப் பேச்சு எடுத்தா அவர் ஆரம்பிக்கிறதே "தம்பி, ட்ரிபிள் க்ரௌன் அடிச்சவனுக்கு குடுக்காம வேற யாருக்குடா குடுப்பாங்க"ன்னுதான். நான் உடனே 1934-க்கு போவேன். அந்த வருஷம் நியூயார்க்கோட லூ கெரிக் ட்ரிபிள் க்ரௌன் அடிச்சார், .363 ஆவரேஜ், 49 ஹோம் ரன். எம்விபி யாருக்குப் போச்சு? டிட்ராய்ட் டைகர்ஸ் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) மிக்கி காக்ரனுக்கு! மொத்தமே 2 ஹோம் ரன் அடிச்சவர், ஆனா கேட்சரும் அவரே மேனேஜரும் அவரே, டீம் லீக்க ஜெயிச்சுது. கெரிக் அஞ்சாவது இடம். டெட் வில்லியம்ஸ் 1942-லயும் 1947-லயும் ட்ரிபிள் க்ரௌன் அடிச்சு ரெண்டு தடவயும் எம்விபி கிடைக்கல, 1947-ல ஜோ டிமாஜியோகிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சு. ஆக ட்ரிபிள் க்ரௌன்னா தானா எம்விபி வந்துரும்னு எந்தக் காலத்துலயும் சட்டம் இருந்ததில்ல, அதுவும் டிட்ராய்ட்காரங்க வாயால அது வரவே கூடாது. காக்ரன் பேர சொன்னா அண்ணன் "அது அந்தக் காலம்டா"ன்னு காபி எடுக்கப் போயிடுவார்.

ட்ரிபிள் க்ரௌன்ல இருக்குற மூணு நம்பரையும் யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு யோசிச்சா அது ஒரு பழக்கம், அவ்ளோதான். ஆவரேஜ்ல வாக் (நாலு மோசமான பந்து வந்தா சும்மாவே முதல் பேஸுக்குப் போறது) வாங்குறது கணக்குல வராது. ஆர்பிஐ இன்னும் மோசம், முன்னாடி ஆடுறவன் பேஸ்ல நின்னாதான் உனக்கு ஆர்பிஐ. கப்ரெரா மூணாவதா இறங்குவார், அவருக்கு முன்னாடி லீட் ஆஃப்ல (முதல் ஆளா) ஆஸ்டின் ஜாக்சன் அந்த வருஷம் நல்லா பேஸுக்கு வந்துக்கிட்டு இருந்தார். ட்ரௌட்டோ லீட் ஆஃப், ஆட்டத்தோட முதல் பேட்டிங்ல பேஸ் காலி, அப்புறமும் அவனுக்கு முன்னாடி வர்றது எட்டாவது ஒன்பதாவது ஆளுங்க. அந்த இடத்துல நின்னு 83 ஆர்பிஐ எடுத்தான்னா அதுவே பெரிய விஷயம். டிட்ராய்ட்ல அடிக்கிறதுக்கும் ஏஞ்சல் ஸ்டேடியம்ல அடிக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு, ஏஞ்சல்ஸ் மைதானம் பிட்சர் (பந்து போடுறவர்) பக்கம் சாயும். மைதானத்த சரிகட்டி போடுற ஓபிஎஸ் ப்ளஸ்ல (பேஸுக்கு வர்றதையும் அடியோட பலத்தையும் சேர்த்து, சராசரி ஆள 100-ன்னு வச்சுப் போடுற நம்பர்) பாத்தா ட்ரௌட் 168, கப்ரெரா 164. அதாவது ஒவ்வொரு தடவ பேட் பிடிக்கும்போதும் என்ன நடந்துச்சுங்கிறதுல ரெண்டு பேரும் சரிசமம், பேட்டிங்ல கப்ரெரா எங்கயோ இருந்தார்ங்கிறதே பாதி பிரமை.

பேட்டிங் சமம்னா மிச்சத்த பாப்போம். ஸ்டீல் 49-க்கு 4. கப்ரெரா அந்த வருஷம் 28 தடவ டபுள் ப்ளேல மாட்டுனார், ஒரே பந்துல ரெண்டு அவுட், ட்ரௌட் 7. ஃபீல்டிங்ல ஒருத்தன் சென்டர் ஃபீல்ட்ல பறக்குறான், இன்னொருத்தர் தேர்ட் பேஸ்ல நகரவே யோசிக்கிறார்.

இங்க அண்ணன் உணர்ச்சிவசப்படுவார், அவர் சொல்றதுல நியாயமும் இருக்கு. கப்ரெரா நாலு வருஷமா ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுனவர். 2012 ஜனவரில விக்டர் மார்ட்டினெஸ் முட்டி போனதால டைகர்ஸ் ப்ரின்ஸ் ஃபீல்டர ஒன்பது வருஷம் 214 மில்லியன் டாலருக்கு எடுத்தாங்க, அவரும் ஃபர்ஸ்ட் பேஸ். கப்ரெரா ஒரு வார்த்த முணுமுணுக்காம உடம்ப குறைச்சுக்கிட்டு தேர்ட் பேஸுக்குப் போனார், ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி) பந்து எகிறி கண்ணுக்குக் கீழ எலும்பே உடைஞ்சுது. "அவன் நகரலன்னா ஃபீல்டருக்கு இடமே இல்ல, இதெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல வருமா"ன்னு அண்ணன் கேப்பார். வராதுதான். விசுவாசம் உழைப்புன்னு விதியிலேயே இருக்கு, அதுக்கு மார்க் போடுங்கண்ணே, நான் வேணாம்னு சொல்லல, ஆனா அந்த மார்க்க போட்டுட்டு அப்புறம் அங்க போய் அவர் விட்ட பந்தையும் கழிக்கணும்ல, அதுதானே கணக்கு.

கம்ப்யூட்டர்னு அவர் சொல்றது வார்ங்கிற நம்பர. ஒரு ஆளோட பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், எந்த இடத்துல நிக்கிறான், எல்லாத்தையும் ரன்னா மாத்தி, மைனர் லீக்லேர்ந்து சல்லிசா கூப்பிடக்கூடிய ஒரு சுமார் ஆள் அந்த இடத்துல ஆடியிருந்தா என்ன வந்திருக்குமோ அத கழிச்சு, ஏறக்குறைய பத்து ரன்னுக்கு ஒரு வெற்றின்னு வகுத்து சொல்ற எண்ணிக்கை. ட்ரௌட்டுக்கு அந்த வருஷம் 10-க்கு மேல, கப்ரெராவுக்கு 7 சுத்தி. மூணு வெற்றி வித்தியாசம்னா சின்ன விஷயம் இல்ல. ஆனா இந்த நம்பர வேதவாக்கா பிடிச்சுக்கிட்டு ஆடுறவங்கள கண்டாலும் எனக்கு எரிச்சல்தான். புள்ளிவிவர வெப்சைட் ரெண்டு இருக்கு, பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஒரு மாதிரி ஃபீல்டிங் கணக்கு போடும், ஃபேன்கிராஃப்ஸ் வேற மாதிரி போடும், ஒரே ஆளுக்கு ரெண்டு பதில் வரும். ஒரே சீசன்ல ஃபீல்டிங் நம்பர் ரொம்ப ஆடும். அரை வெற்றி முக்கால் வெற்றி வித்தியாசத்துக்கு அத காட்டி வாயடைக்கிறவன நம்பாதீங்க. 2012-ல விஷயம் என்னன்னா, ஃபீல்டிங் நம்பர பாதியா வெட்டிப்போட்டாலும் ட்ரௌட்தான் முன்னாடி.

அப்புறம் அந்த ப்ளேஆஃப் வாதம். அய்யோ, இதுக்குத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பே வரும். "கப்ரெரா டீம ப்ளேஆஃபுக்கு கொண்டு போனார், ட்ரௌட் வீட்டுக்குப் போனான்." டைகர்ஸ் 88 ஜெயிச்சாங்க. ஏஞ்சல்ஸ் 89! ஒரு ஆட்டம் அதிகமா ஜெயிச்ச டீம் வெளிய, ஏன்னா அவங்க டிவிஷன்ல (லீக்குக்குள்ள இருக்குற சின்னப் பிரிவு, அதுல முதல்ல வந்தா நேரா ப்ளேஆஃப்) ஓக்லண்ட் 94, டெக்சஸ் 93. டைகர்ஸ் டிவிஷன்ல ரெண்டாவதா வந்த சிகாகோ வைட் சாக்ஸ் 85. கலிஃபோர்னியால இருக்குறதுக்கும் மிச்சிகன்ல இருக்குறதுக்கும் எம்விபி குடுக்குறீங்களா? மேல சொன்னேனே, விதியிலேயே ப்ளேஆஃப் கட்டாயம் இல்லன்னு இருக்குன்னு. 1987-ல ஆந்த்ரே டாசன் கடைசி இடத்துல இருந்த கப்ஸ் டீம்லேர்ந்து வாங்கினார், 2003-ல அலெக்ஸ் ரோட்ரிகெஸ் கடைசி இடத்து டெக்சஸ்லேர்ந்து வாங்கினார். அப்பல்லாம் இந்த வாதம் எங்க போச்சு?

"செப்டம்பர்ல யார் அடிச்சா"ங்கிறதும் இதோட தம்பிதான். கப்ரெரா கடைசி மாசம் வெளுத்து வாங்குனார், உண்ம, செப்டம்பர் நடுவுல வைட் சாக்ஸ் 3 ஆட்டம் முன்னாடி இருந்து கடைசில டைகர்ஸ் 3 ஆட்டம் முன்னாடி முடிச்சாங்க. ட்ரௌட் ஆகஸ்ட் செப்டம்பர்ல கொஞ்சம் இறங்குனான், இறங்கியும் .280-க்கு மேல. ஆனா மே மாசம் ஜெயிச்ச ஆட்டமும் பட்டியல்ல ஒண்ணுதான், செப்டம்பர்ல ஜெயிச்சதும் ஒண்ணுதான். மே மாசத்துல ட்ரௌட் இல்லன்னா ஏஞ்சல்ஸுக்கு செப்டம்பர்னு ஒண்ணே இருந்திருக்காது, ஜூலையிலயே கடைய சாத்தியிருப்பாங்க.

எனக்கு ஒரு ஆச்சரியம், கப்ரெரா பக்கம் இருக்குற ஒரே உருப்படியான வாதத்த அவங்க ஆளுங்களே சத்தமா சொல்லல. ஆட்ட எண்ணிக்கை. கப்ரெரா 161, ட்ரௌட் 139. 23 ஆட்டம் ஒரு நல்ல ஆளு இல்லாம ஏஞ்சல்ஸ் ஆடுச்சு. அது ட்ரௌட் தப்பு இல்ல, கம்பெனி கூப்பிடல, ஸ்ப்ரிங்ல உடம்பும் சரியில்லாம இருந்தான், ஆனா டீமுக்கு என்ன கிடைச்சுதுங்கிறதுதானே கேள்வி, யார் தப்புங்கிறது இல்லயே, அதோட விதில "எத்தன ஆட்டம் ஆடினார்"னு தனியா ஒரு வரியே இருக்கு. சிக்கல் என்னன்னா வார் கூட்டிப் போடுற நம்பர், அந்த 23 ஆட்டத்துக்கு ட்ரௌட்டுக்கு ஏற்கனவே பூஜ்யம்தான் விழுந்திருக்கு. அந்தப் பூஜ்யத்தோடயே அவன் மூணு வெற்றி முன்னாடி. 28 பேர்ல ஒருத்தர் இந்தக் காரணத்துக்காக கப்ரெராவ போட்டேன்னு சொல்லியிருந்தா அவர்கிட்ட நான் சண்டை போட மாட்டேன், தோள்ல கை போட்டு டீ வாங்கிக் குடுப்பேன்.

(ப்ளேஆஃபும் அதோட இறுதிப்போட்டியான வோர்ல்ட் சீரிஸும் கணக்குல வராது, ஓட்டு அதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிருவாங்க. டைகர்ஸ் நியூயார்க்க நாலுக்கு பூஜ்யம்னு துடைச்சிட்டுப் போய் சான் ஃபிரான்சிஸ்கோகிட்ட அதே நாலுக்கு பூஜ்யம் வாங்கினாங்க, கடைசி அவுட் யாருன்னு அண்ணன்கிட்ட கேக்காதீங்க, பாவம்.)

அடுத்த வருஷமும் கப்ரெராதான், ட்ரௌட் ரெண்டாவது. 2014-ல ட்ரௌட்டுக்கு வந்துச்சு, அப்புறம் 2016, 2019. 2016-ல ஏஞ்சல்ஸ் 74 ஜெயிச்சு 88 தோத்த டீம், அந்த டீம்லேர்ந்து எம்விபி! நாலே வருஷத்துல அதே சங்கத்து ஓட்டு அப்படியே திரும்பியிருச்சு. டிஎச் (ஃபீல்டிங் பண்ணாம பேட்டிங் மட்டும் பண்ற ஆள்) மட்டும் ஆடுறவனுக்கு எம்விபி கிடையவே கிடையாதுன்னு இருந்துச்சு, வழக்கமா பந்தும் போடுற ஷோஹெய் ஒடானி 2024-ல பந்தே போடாம 54 ஹோம் ரன் 59 ஸ்டீல்னு போட்டு ஒருமனதா வாங்கிட்டுப் போனார்.

இப்ப 2025. ராலி கேட்சர், சியாட்டல், 60 ஹோம் ரன். கேட்சர் அடிச்ச பழைய ரெக்கார்டு சால்வடோர் பெரெஸோட 48, வலது இடதுன்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆடுறவங்க ரெக்கார்டு 1961-ல மிக்கி மேன்டிலோட 54, ரெண்டையும் உடைச்சுட்டார், 125 ஆர்பிஐ, சியாட்டல் 2001-க்கு அப்புறம் முதல் தடவ டிவிஷன் ஜெயிச்சுது. ஜட்ஜ் .331, 53 ஹோம் ரன், ஓபிஎஸ் 1.144, அது மனுஷன் போடுற நம்பரே இல்ல. முதல் இடத்து ஓட்டு ஜட்ஜுக்கு 17, ராலிக்கு 13. கதை யார் பக்கம்னா ராலி பக்கம், நம்பர் யார் பக்கம்னா ஜட்ஜ் பக்கம், டிவிஷன் ஜெயிச்சது சியாட்டல், ஆனா ஆட்டம் ஜாஸ்தி ஜெயிச்சது நியூயார்க், 94-க்கு 90. அப்படியே 2012 வாசம் அடிக்குதா? உடனே அண்ணன் ஃபோன் பண்ணி "என்னடா தம்பி, இப்ப உங்காளு ராலியா, கஷ்டமான இடத்துல நின்னு ஃபீல்டிங் பண்றவன்"னு மடக்கப் பாத்தார். நல்ல கேள்வி. ஆனா 2012-ல நான் ட்ரௌட் பக்கம் நின்னது பேட்டிங் சமமா இருந்ததால, அதுக்கு மேல ஃபீல்டிங்கும் ஓட்டமும் சேர்ந்துச்சு. 2025-ல பேட்டிங் சமமே இல்ல. ராலியோட ஆவரேஜ் .247, அதுக்காக மட்டும் இல்ல, பேஸுக்கு வர்றதுல ரெண்டு பேருக்கும் நடுவுல பெரிய பள்ளம். கேட்சர்ங்கிற ஒரே விஷயம் அந்தப் பள்ளத்த எவ்ளோ மூடும்ங்கிறதுலதான் முடிவு.

என் ஓட்டு ஜட்ஜுக்கு, ஆனா 2012 அளவுக்கு தைரியமா இல்ல. கேட்சரோட மதிப்புல ஒரு பெரிய துண்டு ஃப்ரேமிங், ஓரத்துல வர்ற பந்த லாவகமா வாங்கி அம்பயர ஸ்ட்ரைக்னு (சரியான பந்துன்னு, இல்லன்னா அது 'பால்') சொல்ல வைக்கிற வித்த, அத அளக்க வழி இருக்கு. பிட்சர் பதட்டத்துல இருக்கும்போது நடந்து போய் ரெண்டு வார்த்த பேசுறது, அடுத்த பந்து எதுன்னு முடிவு பண்றது, 159 ஆட்டம் ஆடி அதுல முக்கால்வாசிக்கு மேல குந்தி உக்காந்த முட்டியோட வந்து 60 அடிக்கிறது, இதுக்கெல்லாம் நம்பர் போட்டவன இன்னும் நான் பாக்கல. அந்த இடத்துல அண்ணன் மாதிரி ஆளுங்க சொல்றதுக்கு காது குடுத்துத்தான் ஆகணும். இதுல இன்னொரு வேடிக்க, 2026-லேர்ந்து ஸ்ட்ரைக்கா பாலான்னு சந்தேகம் வந்தா மெஷின்கிட்ட அப்பீல் பண்ணலாம்னு ஆக்கிட்டாங்க, அப்ப ஃப்ரேமிங்ல திருடுன ஸ்ட்ரைக் கொஞ்சம் திரும்பிப் போயிடும், கேட்சரோட மதிப்பு அந்தப் பக்கம் இறங்கும், எப்ப அப்பீல் பண்ணணும்னு சரியா கணிக்கிற கேட்சருக்கு வேற பக்கம் ஏறும். அண்ணன் இதுக்கும் ஒரு பதில் ரெடி பண்ணிக்கிட்டுதான் இருப்பார்.